ஹெட்மாஸ்டர் சார் கேட்ட காபிக்கடை

என் மகன் பாண்டிக்கு,

போன வாரம் நீ அம்மாவின் போனுக்கு அனுப்பிய செய்தியை நானே படித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். பாதியில் போன் அணைந்து அணைந்து போனது. ஒவ்வொரு தடவையும் தட்டி எழுப்பி விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தேன். மாதக் கடைசியில் மதுரைக்கு வருகிறீர்கள், ஜெசிந்தாவின் அம்மா வீட்டில் இரண்டு நாள் இருப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பதினொரு மணிக்கு வெளியே எங்காவது ஒரு மணி நேரம் பார்க்கலாம், நல்ல டிபனும் காபியும் கிடைக்கும் இடமாக அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள், அதற்கு அடுத்த வாரம் ஜெர்மனி போகிறோம். இதுதான் இருந்தது. படித்து முடித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெர்மனி என்ற வார்த்தையை முதல்முறையாக எழுத்தில் பார்த்த சந்தோஷத்தில், நீ அவ்வளவு தூரம் போகிறாய் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியாது. நாம் இருவரும் பேசிக்கொண்டால்தானே தெரியும். திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். எட்டு மாதமாகப் போகிறேன். என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். முதல் மாதம் நான் திணறியதைப் பார்த்து ஒரு அம்மா கேட்டது: "ஏண்ணே, ஹோட்டல்ல அம்பது அயிட்டத்தை மூச்சு விடாம ஒப்பிப்பீங்களாமே, இந்தப் பன்னெண்டு எழுத்து வர மாட்டேங்குதா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது பஸ்ஸில் போனால் ஜன்னல் சீட்டுதான் வேண்டும் எனக்கு. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இருந்து திருப்பரங்குன்றம் வருவதற்குள் எத்தனை போர்டு! முப்பத்தெட்டு வருடம் அதே ரோட்டில் போய் வந்திருக்கிறேன். நம் தெரு முனையில் இருப்பது தையல்கடை என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு பெயர் இருப்பது இந்த வருடம்தான் தெரியும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு மணி என்பது ஹோட்டலில் ரெண்டுங்கெட்டான் நேரம். காலை டிபன் முடிந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டிருக்க மாட்டார்கள். இப்போது பெரிய ஊர்களில் அந்த நேரத்தில் சாப்பிடுவதுதான் நாகரிகம் என்று என் வகுப்பு டீச்சர் சொல்கிறார்கள். எங்களுக்கு அது புதிதில்லை. ஹோட்டல் சப்ளையர் எல்லாருமே ஆயுசு முழுக்க அந்த நேரத்தில்தான் சாப்பிட்டோம். காலை நாலரைக்கு நின்ற கால், பத்தரைக்கு மேல்தான் மடங்கும். பின்கட்டில் உட்கார்ந்து, மிஞ்சிய பொங்கலும் கெட்டிப்பட்ட சாம்பாரும் சாப்பிடுவோம். அதனால் அந்த நேரத்துச் சாப்பாட்டின் நல்லது கெட்டது எனக்குத் தெரியும். பதினொரு மணிக்கு இட்லி வாங்காதே, அது எட்டு மணிக்கு வெந்தது. பொங்கலில் நெய் மிதந்தால், காய்ந்துபோனதை மறைக்க ஊற்றியிருக்கிறார்கள். தோசைக்கல்லில் இருந்து நேராக வருவதைக் கேள், ரவா ரோஸ்ட்டோ ஊத்தப்பமோ. வடை கேட்கலாம், மதியச் சாப்பாட்டுக்கு அப்போதுதான் போட ஆரம்பிப்பார்கள். காபிக்கு, உட்காருவதற்கு முன்பே, புது டிகாஷன் இறங்கியாச்சா என்று கேட்டுவிட வேண்டும். காலையில் இறக்கியதற்கே வெந்நீர் ஊற்றி ஓட்டுகிற கடை இருக்கிறது. கேட்டவுடன் மாஸ்டர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இது எல்லாவற்றையும் ஆறு வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்கவும் முடியாது. நீங்கள் வருவதற்கு முன்பே இந்தக் கடிதம் பெங்களூர் வந்து சேர வேண்டும் என்று தினம் ஒரு பக்கமாக எழுதுகிறேன்.

நீ ஜெசிந்தாவை முதன்முதலாக நம் ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். மணி பதினொன்று. நான் பின்கட்டில் பாதிச் சாப்பாட்டில் இருந்தேன். எங்கள் ஹோட்டலில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சப்ளையரின் சொந்தக்காரர் வந்தால், அந்த மேசையை வேறு ஆள்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பில்லில் வராத வடை இலைக்கு வந்துவிடும் என்று முதலாளிக்குப் பயம். அதனால் உன் மேசைக்கு மணி அண்ணனை அனுப்பிவிட்டு, நான் கை கழுவாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மணி அண்ணன் வந்து சொன்னார், "யோவ், மருமக வந்திருக்குய்யா. டீச்சர் வீட்டுப் பிள்ளை. காபிய வச்சுக்கிட்டு ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. இங்க என்ன இலைக்குக் காவலா இருக்க?" அதற்கும் நான் சட்டத்தைச் சொன்னேன். மேசையைப் பார்க்கத்தான் சட்டம், மகனைப் பார்க்க என்னய்யா சட்டம் என்று அவர் திட்டினார். என் யூனிபாரத்தில் சாம்பார் சிந்தியிருந்தது. உண்மையில் அதுதான் காரணம்.

நான் வெளியே வந்தபோது அந்தக் காபி ஆறிப் போயிருந்தது. அந்தப் பிள்ளை எழுந்து நின்றது. ஹோட்டலுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. "மாமா, அப்பா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு கவரை நீட்டியது. நீ, "நான் படிச்சுச் சொல்லவாப்பா?" என்றாய். நான், "கூட்டமா இருக்குல்ல, சாயங்காலம் பாத்துக்கிறேன்" என்றேன். ஜெசிந்தா திரும்பி ஹாலைப் பார்த்தது. ஒரு மேசையில்கூட ஆள் இல்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பயம்தான். அந்தப் பிள்ளையின் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், அவர் ஒரு சப்ளையருக்கு என்ன எழுதுவார்? வீடு சொந்தமா, நிலம் இருக்கிறதா, மதம் மாறச் சம்மதமா என்று கேட்டிருப்பார், கடைசியில் நமக்கும் உங்களுக்கும் ஒத்து வராது என்று மரியாதையாக முடித்திருப்பார். அதை மணி அண்ணன் முன்னாலும் கேஷியர் முன்னாலும் நீ சத்தமாகப் படிக்க, நான் நின்றுகொண்டு கேட்க வேண்டும். அதுதான் என் மனசில் ஓடியது. அன்று சாயங்காலம் நீ பஸ் ஏறும் முன் கேட்டாய், படிச்சீங்களா என்று. "மணி அண்ணனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். பொய். கவரை நான் பிரிக்கவே இல்லை. பெரியவர்கள் நேரில் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி நீயும் ஊருக்குப் போய்விட்டாய்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஜெசிந்தா அப்பா ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுருக்காருப்பா. வர முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அந்த நிமிடம்தான் அந்தக் கவருக்குள் ஏதோ ஒரு நாளும் ஒரு இடமும் எழுதியிருந்தது என்று எனக்குப் புரிந்தது. அப்போதாவது, நான் படிக்கவே இல்லை அய்யா, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நீ அரை மணி நேரம் திட்டியிருப்பாய், அவ்வளவுதான். ஏற்கெனவே படித்துக் கேட்டுவிட்டதாகச் சொன்னவன் இப்போது எப்படி மாற்றிச் சொல்வது? "எனக்கு வேலை இருந்துச்சு" என்றேன். நீ போனை வைத்தாய். உன் கல்யாணத்துக்கு நாங்கள் வராமல் போனதும், நீ தீபாவளிக்கு வராமல் போனதும், எல்லாம் அந்த வார்த்தையில் இருந்துதான். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. உன் அம்மா கேட்டபோது, "அவங்க நம்மளை மதிக்கல, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல" என்றேன். அவள் ஆறு வருடமாக அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் இருந்தது அதை நம்பித்தான். அவள் மீது உனக்கு இருக்கும் கோபத்தை எடுத்துவிடு. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் வகுப்பில் டீச்சர், வீட்டில் பழைய கடிதம் இருந்தால் எடுத்துப் படித்துப் பழகுங்கள் என்றார்கள். நம் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கடிதம்தான். தகரப்பெட்டியில் என் யூனிபாரத்துக்கு அடியில் இருந்தது. எனக்கு எழுத்து வந்துவிட்ட மிதப்பு வேறு. அவர் என்னதான் திட்டியிருந்தாலும் இனி என்ன, நாமே படிப்போமே என்று உன் அம்மாவை எதிரில் உட்கார வைத்துப் பிரித்தேன். ஹெட்மாஸ்டர் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. புதிதாகப் படிப்பவனுக்கு என்றே எழுதியது போல் இருந்தது.

அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். "மதிப்புக்குரிய அய்யா, தங்களுக்கு எழுத்துப் பழக்கம் இல்லை என்று என் மகள் சொன்னாள். தங்கள் மகனைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், அவர் நன்றாகப் படிப்பார். பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் முழுச் சம்மதம். தங்கள் சம்மதத்தை நான் நேரில் வந்து கேட்பதுதான் முறை. வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்குத் திருப்பரங்குன்றம் பதினாறு கால் மண்டபம் பக்கத்தில் நிற்பேன். எனக்கு ஹோட்டல் பழக்கம் கிடையாது. மதுரையில் நல்ல டிபனும் நல்ல காபியும் எங்கே கிடைக்கும் என்று தங்களைவிடத் தெரிந்தவர் யார்? தாங்கள் அழைத்துப் போகும் இடத்தில் உட்கார்ந்து பேசுவோம். அன்று தாங்கள் பரிமாறக் கூடாது. என் பக்கத்தில் உட்கார வேண்டும்."

முதல் நாலு வரி படிக்கும்வரை நான் நன்றாகப் படிக்கிறேன் என்ற நினைப்பில் சத்தமாகப் படித்தேன். அதற்கு மேல் சத்தம் வரவில்லை. உன் அம்மா, "என்னங்க, எழுத்து தெரியலையா?" என்றாள். தெரிகிறது என்றேன். மீதியையும் படித்தேன். அவள் கடிதத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஆறு வருசமா இதையா பெட்டிக்குள்ள வச்சிருந்த?" என்றாள். அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். "அந்த மனுசன் இம்புட்டு மரியாதையாக் கேட்டிருக்காரு. நான் அவங்களை வையாத நாள் உண்டா? என்ன மனுசன்யா நீ?" நான்கு நாள் சோறு வைத்தாள், பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு வந்து, கிளம்புங்க என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஹெட்மாஸ்டர் சார் இறந்தது எங்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மணி அண்ணன் வந்து சொன்னார். சொல்லி விடாத சாவுக்கு எப்படிப் போவது என்று நான் அம்மாவிடம் நியாயம் பேசினேன். அதனால் இப்போது துக்கம் கேட்கப் போனோம், இரண்டு வருடம் தாமதமாக. அண்ணா நகரில் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்கவில்லை, தெருப் பெயரை நானே படித்தேன். அன்று மட்டும் அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. உன் மாமியார் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வாங்கண்ணே, வாங்க மதினி" என்றார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மா அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சார் போட்டோவுக்குக் கீழே நின்றேன். உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்கள். துக்கம் கேட்கப் போன வீட்டில் கை நனைக்கக் கூடாது, அது நம் வழக்கம். டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். "ரெண்டு வருசம் ஆச்சுண்ணே, குடிங்க. அவுகளுக்கு ஒங்களோட ஒரு காபி குடிக்கணும்னு ஆசை" என்றார்கள். குடித்தேன். சர்க்கரை கூடவா குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் காபி குடித்து ருசி தெரியாமல் போனது அன்றுதான்.

உன் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னார்கள். சார் காலையில் வீட்டில் எதுவும் சாப்பிடவில்லையாம். "சம்பந்தியோட சாப்பிடப் போறேன், வயித்த நெறச்சுக்கிட்டா போறது?" என்றாராம். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, காலை இட்லி இருக்கிறதா என்று கேட்டுச் சாப்பிட்டாராம். இவர்கள் கோபப்பட்டதற்கு, "சனிக்கிழமை ஹோட்டல்ல கூட்டம் இருந்திருக்கும், பாவம் விட்டுருக்க மாட்டாங்க" என்றாராம். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லையாம். கிளம்பும்போது உன் மாமியார் வாசல் வரை வந்து, "ஜெசிந்தாகிட்ட நான் சொல்ல மாட்டேன்ணே. அது நீங்க சொல்ல வேண்டியது" என்றார்கள். சரி என்றேன். மூன்று மாதம் தள்ளிப் போட்டேன். உன் செய்தி வந்த பிறகு தள்ளிப் போட நாள் இல்லை.

நீ இடம் கேட்டாய் அல்லவா, இந்த வாரம் மூன்று இடம் பார்த்தேன். டவுன் ஹால் ரோடு பக்கம் பழைய ஹோட்டல் ஒன்றில் காபி இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. பதினொன்றே காலுக்கு எல்லாம் மேசையைத் துடைக்கிற சாக்கில் நம்மைக் கிளப்பிவிடுகிறார்கள். அண்ணா நகரில் சோபா போட்ட ஏசி கடை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பெண் அட்டையைக் கொடுத்தது. ஆசையாகக் கண்ணாடியை மாட்டினேன், அத்தனையும் இங்கிலீஷ். "அம்மா, எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், படிச்சுச் சொல்லும்மா" என்றேன். அந்தப் பெண் முழுவதையும் படித்துச் சொல்லியது. நல்ல பிள்ளை, அதற்கும் மூச்சு வாங்கவில்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்து சோபாவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காபியில் நுரையால் இலை வரைந்து கொடுத்தார்கள். அது ஆறும்வரை என்னால் குடிக்க முடியவில்லை. இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்தா ஆறு வருடத்தைத் தொலைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் உனக்குத் தெரியாத பாஷையில் ஆயிரம் காகிதம் கொடுப்பார்கள் அய்யா. தெரியாது என்று சொல்லிக் கேட்டுவிடு. உன் அப்பன் பிள்ளை என்பதால் சொல்கிறேன்.

மூன்றாவது, திருநகர் ரோட்டில் திருப்பரங்குன்றம் வளைவைத் தாண்டி இருக்கும் சின்ன ஹோட்டல். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பத்து மணிக்குப் புது டிகாஷன் இறக்குகிறார்கள். ரவா ரோஸ்ட் ஓரம் வரை முறுகி வருகிறது. பதினொரு மணிக்கு அங்கே வேலை செய்பவர்களும் ஹாலிலேயே, சாப்பிட வந்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், முதலாளி உட்பட. நான் பார்த்தவரை மதுரையில் அப்படி ஒரு ஹோட்டல் கிடையாது. அந்தச் சனிக்கிழமை நான் போயிருந்தால் சாரை அங்கேதான் கூட்டிப் போயிருப்பேன். இதை அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலாக நினைத்துத்தான் எழுதுகிறேன். உன் அம்மா, "மருமகளை முதல்முதலாப் பாக்கப்போறேன், வீட்டுக்குக் கூப்பிடாமக் கடைக்குக் கூப்பிடுறீங்களே" என்கிறாள். நீ கேட்டது ஒரு மணி நேரம், வெளியில். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் இல்லை. இதைப் படித்த பிறகு அதுவும் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். நான் பேசாமல் இருந்திருந்தால் நீங்கள் கட்டாயம் வந்திருப்பீர்கள். அந்த நினைப்பும் எழுதும்போது வந்து வந்து போனது.

இதனுடன் ஹெட்மாஸ்டர் சார் எழுதிய கடிதத்தையும் வைத்திருக்கிறேன். ஜெசிந்தாவிடம் கொடு. அது அவள் அப்பா கையெழுத்து, அவளிடம் இருக்க வேண்டியது. எனக்கு ஒன்று வேண்டும் என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன். என் எழுத்தில் அது அவ்வளவு அழகாக இல்லை.

அந்தச் சின்ன ஹோட்டலில் ஐந்து பேருக்கு மேசை சொல்லியிருக்கிறேன். நான், அம்மா, உன் மாமியார், நீங்கள் இருவர். நான் பத்தரைக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். சப்ளையர் வந்து கேட்டால், ஆள் வரணும் என்று சொல்வேன். இரண்டு மணி வரை சொல்வேன்.

நான் எழுதியதில் பிழை இருக்கும், சில இடத்தில் அழித்து எழுதியது கலங்கியிருக்கும். ஏதாவது ஒரு வரி புரியவில்லை என்றால் அதை அப்படியே மடித்து வைத்துவிடாதே. எந்த நேரமாக இருந்தாலும் எனக்குப் போன் போட்டு, இது என்னப்பா என்று கேள்.

உன் அப்பா